மேடே இல்லாத வடசென்னையிலிருந்து முதல் மவுண்டன் பைக் பந்தயம்: எப்படித் தயாராவது?

தண்டையார்பேட்டை_29 கேட்டது:

வணக்கம். வயது 36, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. வேலைக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் பழவேற்காடு வரை போவதும் உண்டு. தூரம் எனக்குப் பயமில்லை.

ஓசூர் பக்கத்தில் ஒரு கிராஸ் கன்ட்ரி (கரடுமுரடான மண் பாதையில் சுற்றுக் கணக்கில் ஓட்டுவது) மவுண்டன் பைக் பந்தயம் நடக்கப் போகிறது. அமெச்சூர் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டேன். அனுப்பிய வீடியோவில் தைலமரத் தோப்பு, செம்மண், நடுநடுவே பாறை என்று தெரிகிறது. ஒரு சுற்று 5 கிமீ, சுற்றுக்கு 140 மீட்டர் ஏற்றம். எங்கள் பிரிவுக்கு 3 சுற்று. இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

கவலை என்னவென்றால், நான் ஓட்டுகிற இடத்தில் மேடு என்பதே மேம்பாலம்தான். ஓசூர், கோவை, ஊட்டி ஆட்கள் எல்லாம் வருவார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து ஏற்றத்தில் மிதிப்பவர்கள். அவர்களோடு எப்படி ஈடுகொடுப்பது?

சைக்கிள் பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. அலுமினிய ஹார்டுடெயில் (பின்னால் ஷாக் இல்லாதது), 29 அங்குலச் சக்கரம், முன்னால் 100 மிமீ அமுங்கும் ஃபோர்க், முன்பக்கம் மூன்று பற்சக்கரம், பின்பக்கம் எட்டு. பிரேக் கேபிள் டிஸ்க். இதை வைத்துக்கொண்டு போனால் மானம் போகுமா, இல்லை சமாளிக்கலாமா? இப்போதைக்குப் புதிதாக வாங்க வழியில்லை.

எங்கள் தெருவில் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் பந்தயம் என்றால் என்னவென்றே யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் பக்கத்தில் கேட்க ஆளில்லை. என் பையனுக்கு எட்டு வயது, அவனும் வந்து பார்க்கப் போகிறான். ஒழுங்காக ஓட்டி முடிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்பேனர்_செட் பதில்:

சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

உங்கள் சைக்கிள் போதும். உறுதியாகச் சொல்கிறேன். முன்பக்கச் சின்னப் பற்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதிரி எட்டு கியர் செட்டில் பெரும்பாலும் 24 இருக்கும், பின்பக்கம் பெரியது 34. 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.71. இன்றைக்கு விலை உயர்ந்த சைக்கிளில் வருகிற முன்பக்கம் 32, பின்பக்கம் 51 என்ற செட்டுக்கு இது 0.63. 29 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் சுமார் 2.3 மீட்டர் நகரும். அதாவது உங்கள் மிதி ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர், அவர்களுடையது 1.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவீர்கள். அதற்கும் செங்குத்தான இடம் வந்தால் எல்லோருமே இறங்கித் தள்ளுகிற இடமாகத்தான் இருக்கும்.

மூன்று பற்சக்கரத்தின் உண்மையான தொல்லை, ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது முன் கியரை மாற்றினால் செயின் கழன்றுவிடும். ஆகவே ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சின்னப் பல்லுக்கு வந்துவிடுங்கள். இதை மட்டும் கைக்குப் பழக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கையில் இருக்கும் பணத்தை டயரில் போடுங்கள். ரோட்டில் ஓடித் தேய்ந்த டயரோடு செம்மண்ணில் இறங்கக் கூடாது. பின்னால் கொஞ்சம் சீக்கிரம் உருளுகிற டயர், முன்னால் ரப்பர்க் கட்டை பெரிதாக இருக்கிற டயர், இரண்டும் 2.2 அங்குலம். காற்று விஷயத்தில் நம் ஊர்க் கடைகளில் 50, 60 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ட்யூப் போட்டு 70 கிலோ எடை உள்ளவர் என்றால் முன்னால் 26, பின்னால் 29 என்று ஆரம்பித்துப் பாருங்கள். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். ரொம்பக் குறைத்தால் பாறையில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். சின்னதாக ஒரு கை பம்ப்பும் ஒரு காற்றுமானியும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேல முள் நம் பக்கமும் உண்டு, ஓசூர் பக்கமும் உண்டு. ட்யூபுக்குள்ளேயே ஊற்றும், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் கிடைக்கிறது, வால்வு நடுப்பகுதி கழல்கிற ட்யூபாகப் பார்த்து வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். சென்னை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு புதிதாக ஊற்றுவது நல்லது.

கேபிள் டிஸ்க்கா? கேபிளையும் அதன் மேலுறையான அவுட்டரையும் புதிதாக மாற்றுங்கள், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் ஓடிய கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும், வெளியே தெரியாது. அப்புறம் டீரெய்லர் ஹேங்கர் (பின்பக்கக் கியர் மாற்றியான டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) ஒன்று உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது தனி வடிவம், பந்தய இடத்தில் கேட்டால் கிடைக்காது. ஒரு விழுதலில் அது வளைந்தால் உங்கள் நாள் அங்கேயே முடிந்துவிடும்.

---

எர்ணாவூர்_பெடல் பதில்:

தம்பி, கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கவலைப்படுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறேன், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பல வருடமாக ஓட்டுகிறேன். நம் பக்கத்திலிருந்து போகிற ஆட்களை ஏற்றத்தில் யாரும் பெரிதாக விட்டுவிட்டுப் போவதில்லை. இறக்கத்திலும் வளைவிலும்தான் விட்டுவிடுகிறார்கள். நம் ஆள் ஏற்றத்தில் உயிரைக் கொடுத்துப் பத்துப் பேரைப் பிடிப்பான். கீழே இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பத்துப் பேரையும் திருப்பிக் கொடுப்பான். பார்க்கும்போது வயிறு எரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஏற்றம். சுற்றுக்கு 140 மீட்டர் என்றால் ஒரே மூச்சாக இருக்காது, இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து நிமிட ஏற்றங்களாகப் பிரிந்திருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயம் நடந்த எலான்கூர் குன்றின் உயரமே 231 மீட்டர்தான். பழைய கல்குவாரியும் கொட்டிய கழிவும் சேர்ந்து உருவான மேடு அது, பாரிஸ் வட்டாரத்திலேயே உயரமான இடமும் அதுதான். உலகத்திலேயே பெரிய வீரர்கள் அதன் சரிவுகளில்தான் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார்கள். (கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் குன்று ஞாபகம் வரும். குப்பையை முழுதும் அகற்றிச் சுத்தம் செய்த பிறகு அந்த நிலத்தில் ஒரு ஓரத்தை நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.)

இரண்டு மூன்று நிமிட ஏற்றத்துக்குக் காலும் நெஞ்சும் தயாராக மலை தேவையில்லை, காற்று போதும். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று அடிக்கும். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் நோக்கித் திரும்பி வரும்போது அது முகத்தில் மோதும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, அப்போது வடக்கே போகும்போது எதிர்க்காற்று. கனமான கியரில் போட்டு, நிமிடத்துக்கு 60, 65 சுற்று மிதிக்கிற மாதிரி, நான்கு நிமிடம் அழுத்துங்கள். ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மூன்று நிமிடம் லேசாக ஓட்டிவிட்டு மறுபடியும். நான்கைந்து தடவை. வாரத்தில் இரண்டு நாள் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குத் தூக்கம்தான் முதல் பயிற்சி. நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இடம் முக்கியம். காமராஜர் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு அழுத்துவது உயிருக்கு ஆபத்து. மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு பக்கம் போய்விடுங்கள், நல்ல வெளிச்சத்தில். இன்னொன்று, மணலிப் பக்கம் காற்றில் நெடி தூக்கலாக இருக்கும் காலைகளில் கடும் பயிற்சி வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பவரைவிட பல மடங்கு காற்றை அப்போது நாம் உள்ளே இழுக்கிறோம். அன்றைக்கு வீட்டிலேயே உட்கார்ந்து எழுந்து, படி ஏறி இறங்கினால் போதும். நம் ஊர்க் காற்று சரியாக வேண்டும் என்று கேட்கிற உரிமை எல்லோரையும்விட சைக்கிள்காரனுக்கு அதிகம்.

சரி, ஏற்றம் அவ்வளவுதான். இனி நிஜமான விஷயம்.

பொன்னேரி, சோழவரம் பக்கத்துக் கிராமங்களில் சின்னச் சின்னப் பாசன ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரைதான் நமக்கு மலை. உயரம் ஒரு மாடி அளவுகூட இருக்காது. ஆனால் சரிவு செங்குத்து, மண் தளர்ச்சி, நடுவில் கல், வேர். பந்தயத்தில் நீங்கள் சந்திக்கப்போவது எல்லாம் அந்தப் பத்து மீட்டரில் இருக்கிறது. புழல், சோழவரம் மாதிரி குடிநீர் ஏரிக் கரைகளை விட்டுவிடுங்கள், அங்கே ஓட்ட அனுமதி கேட்பதும் நியாயமில்லை. கிராமத்து ஏரி என்றால் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுங்கள். மழை பெய்த பிறகு போகாதீர்கள், ஈரக் கரையில் டயர் போட்ட தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும்.

முதலில் ஏறுவதைப் பழகுங்கள். சரிவுக்கு முன்பே கியரை இறக்கிவிட்டு, சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்தி, முழங்கையைக் கீழே இழுத்து மிதியுங்கள். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்து நின்றால் பின்சக்கரம் சறுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை எழுதிக் காட்ட முடியாது, உங்கள் இடுப்புக்குத்தான் தெரியும். மேம்பாலத்தில் எத்தனை தடவை ஏறினாலும் இது வராது. மூலக்கடை மேம்பாலம், மின்ட் மேம்பாலம் எல்லாம் மூச்சுக்கு நல்லது, இதற்கு உதவாது.

பிறகு இறங்குவது. மேலே நின்று பார்த்துவிட்டு முதலில் நடந்தே இறங்குங்கள், எந்தக் கோட்டில் போகப் போகிறீர்கள் என்று கண்ணால் வரைந்துகொள்ளுங்கள். சீட்டை நான்கு விரல் இறக்கி வையுங்கள். உட்காரக் கூடாது. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக, குதிகால் கொஞ்சம் கீழே, முழங்கால் தளர்வாக, முழங்கை வெளியே விரிந்து, பிரேக்கில் கைக்கு ஒரு விரல். பார்வை முன்சக்கரத்துக்கு அடியில் விழுந்தால் உடம்பும் அங்கேயே விழும். ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்துவிட்டு, இறக்கத்தில் பிரேக்கை லேசாக வைத்துக்கொள்வதுதான் பழக வேண்டியது. நடுச் சரிவில் பயந்து முன் பிரேக்கை இறுக்கினால் தலைகீழாகத் தூக்கி எறியும். பின் பிரேக்கை மட்டும் பூட்டினால் சக்கரம் பக்கவாட்டில் ஓடும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக.

வளைவுக்கு எங்கேயும் போக வேண்டாம். தெருக்கோடி மண் மைதானம் போதும். தண்ணீர் பாட்டில் இரண்டை எட்டடி இடைவெளியில் வைத்து எட்டுப் போடுங்கள். சைக்கிளைச் சாய்த்து, உடம்பை நிமிர்த்தி, உள்பக்கப் பெடலை மேலே வைத்து. சுலபமாக வந்ததும் இடைவெளியைக் குறையுங்கள். உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனுக்கு உங்களைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

கடற்கரை மணலையும் விட்டுவிடாதீர்கள். எண்ணூர் பக்கம் அலை ஓரம் மணல் இறுக்கம், மேலே வந்தால் தளர்ச்சி. அந்த இரண்டும் மாறுகிற இடத்தில் ஓட்டுவதைப் போல ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது வேறில்லை. தளர்ந்த மணலில் பிரேக் தொடாமல், திருப்பாமல், எடையைக் கொஞ்சம் பின்னால் வைத்து, ஒரே சீராக மிதித்துக்கொண்டே போக வேண்டும். மீனவர்கள் வலை காயப்போட்டிருக்கும் பக்கம் போகக் கூடாது, படகு கரையேறும் நேரத்திலும் கூடாது. அது அவர்கள் வேலை செய்யும் இடம். கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகள் மேல் ஏற்றிப் பார்க்கும் ஆசை சில இளவட்டங்களுக்கு வருகிறது. பாசி பிடித்த கல் அது, வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

இரண்டரை மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது ஏரிக்கரை, ஒரு நாளாவது பாட்டில். கால்பலம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, பழவேற்காடு போய்வருகிறவருக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை.

---

தண்டையார்பேட்டை_29:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஏரிக்கரை பற்றி யோசிக்கவே இல்லை, பொன்னேரி பக்கம் என் மாமனார் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. ஸ்பேனர்_செட் அண்ணா சொன்னபடி பல்லை எண்ணிப் பார்த்தேன், 24-ம் 34-ம் தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். ரொம்பப் பின்தங்கினால் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்களே, அது எப்படி? பஸ்ஸில் சைக்கிளைக் கொண்டுபோவது எப்படி?

---

பெரம்பூர்_செம்மண் பதில்:

நான் பெண்கள் ஓப்பன் பிரிவில் ஓட்டுகிறவள். பந்தய நாள் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முந்தின நாளே போய்ச் சேருங்கள். பாதையைச் சுற்றிப் பார்க்க நேரம் கொடுப்பார்கள். முதல் சுற்று முழுக்க மெதுவாக, பயமான இடத்தில் எல்லாம் இறங்கி நின்று பாருங்கள். கடினமான பாறை இறக்கத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் சுற்றிப் போகிற சுலப வழி ஒன்று விட்டிருப்பார்கள், சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். எது உங்கள் வழி என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். பந்தயத்தில் மூச்சு முட்டும்போது முடிவெடுக்கக் கூடாது. பந்தய நாள் காலையிலும் பாதையில் ஏதாவது மாற்றினார்களா என்று கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூல் முதல் சுற்றிலேயே ஒரு பாறை இறக்கத்தில் கவிழ்ந்தார். பயிற்சியின்போது அங்கே இருந்த பலகைச் சரிவு பந்தயத்தின்போது இல்லை. அவ்வளவு பெரிய வீரருக்கே அப்படி.

புறப்பாடு எல்லோரும் ஒன்றாகத்தான். அகலமான பாதையில் கொஞ்ச தூரம் ஓடி, திடீரென்று ஒற்றையடிப் பாதைக்குள் நுழையும். அங்கே எந்த வரிசையில் நுழைகிறீர்களோ அதே வரிசையில் வெகுதூரம் போக வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் முதல் இரண்டு நிமிடம் வெறியோடு போவார்கள். நீங்கள் நடு வரிசையில் நின்று, நடுவிலேயே நுழையுங்கள். கடைசியில் நின்றால் முன்னால் தடுமாறுகிறவர்களால் நீங்களும் இறங்கித் தள்ள வேண்டிவரும். அதற்காகப் பதினைந்து நிமிடமாவது நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள், கடைசியில் ஒன்றிரண்டு தடவை மூச்சு வாங்குமளவுக்கு அழுத்திவிட்டு கோட்டுக்கு வாருங்கள்.

தள்ளுகிறவர் ஓட்டி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். சுற்று முந்தி வருகிறவர், அதாவது உங்களைவிட ஒரு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டுப் பின்னாலிருந்து முந்த வருகிறவர், குரல் கொடுத்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்குங்கள், சட்டென்று முட்செடிக்குள் பாய வேண்டியதில்லை. நீங்கள் முந்தும்போதும் "வலது" என்றோ "இடது" என்றோ முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். தள்ளுவது கேவலம் என்று நினைக்காதீர்கள். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் தள்ளாடி ஏறுவதைவிட இறங்கி ஓடுவது சில இடங்களில் வேகம். சைக்கிளின் இடப்பக்கம் நின்று, வலது கையால் சீட்டைப் பிடித்து ஓடி, மறுபடி ஏறுவதையும் மைதானத்தில் பழகுங்கள். இடப்பக்கம் நின்றால் செயின் காலில் படாது.

சாப்பாடு. நீங்கள் மூன்று சுற்று முடிக்க ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டரை மணி நேரம் முன்பு இட்லி, கொஞ்சமாகச் சட்னி. புதிதாக எதையும் அன்றைக்குச் சாப்பிடாதீர்கள். பந்தயத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், இல்லையென்றால் பாட்டிலிலேயே சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். குலுங்கிக் குலுங்கி ஓடும் பாதையில் குடிக்க முடியாது. எந்த இடத்தில் குடிக்கப் போகிறீர்கள் என்பதையும் முந்தின நாள் சுற்றிலேயே குறித்து வையுங்கள். பாட்டில் கொடுக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் வெளியாள் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது அங்கே நின்று கொடுத்தால் நல்லது, எப்படிக் கைமாற்றுவது என்று தெருவில் ஒத்திகை பாருங்கள். சின்னப் பையன் வேண்டாம், மோதிவிடுவார்கள்.

நம் பக்கத்துப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், தயங்காமல் வாருங்கள். பெண்கள் பிரிவில் ஆள் குறைவு என்று சொல்லியே சில இடங்களில் பிரிவை எடுத்துவிடுகிறார்கள். நாம் போய் நின்றால்தான் அது இருக்கும்.

---

எர்ணாவூர்_பெடல்:

நிறுத்திவிடுவது பற்றி. சர்வதேச விதியில் 80 சதவீதக் கணக்கு ஒன்று இருக்கிறது. முன்னால் போகிறவர் முதல் சுற்றை 20 நிமிடத்தில் முடித்தால், அதில் 80 சதவீதம் 16 நிமிடம். முன்னணியாளுக்கு அவ்வளவு பின்னால் போய்விட்டால், அவர் நம்மைச் சுற்று முந்தி நெரிசல் ஆகாமல் இருக்க, வெளியே வரச் சொல்வார்கள். அப்படி வந்தாலும் எத்தனை சுற்று குறைவு என்று குறித்து முடிவுப் பட்டியலில் பெயர் இருக்கும். அமெச்சூர் பந்தயங்களில் அமைப்பாளர்கள் தங்கள் வசதிக்கு வேறு நேரக் கெடு வைப்பதும் உண்டு, புறப்படும் முன் நடக்கிற விளக்கக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போகிறவர்கள்தான் பிறகு வழி தவறுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு வரைக்கும் போகாது என்று நினைக்கிறேன். முதல் சுற்றை உங்களால் முடிந்ததைவிடக் கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள். முதல் சுற்றில் 25 நிமிடம் எடுத்தவர் மூன்றாவதையும் 26-ல் முடித்தால், 22-ல் தொடங்கி 33-ல் முடித்தவரை எங்கேயோ ஒரு வளைவில் நிச்சயம் பிடிப்பார்.

பெரம்பூர்த் தங்கை சொன்ன தள்ளி ஓடுகிற பயிற்சியைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். நான் அதைச் சொல்ல விட்டுவிட்டேன், அவர் சொன்னது சரி.

---

ஸ்பேனர்_செட்:

பஸ் கேட்டிருந்தீர்கள். தனியார் ஆம்னி பஸ்ஸில் டிக்கியில் ஏற்றுவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்றுகிற இடத்தில் பேரம் பேச நேரம் இருக்காது. ரயிலில் என்றால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், போகிற ரயிலும் இறங்கும் நிலையமும் பார்சல் எடுக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஃபிரேமைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றுங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள், வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். டிஸ்க் எதிலும் அழுந்தக் கூடாது, ஓர் அட்டையை வைத்துக் கட்டுங்கள். உங்களுடையது கேபிள் பிரேக், அதனால் சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவர் அமுங்கினாலும் பரவாயில்லை. யாராவது ஆயில் பிரேக் வைத்திருந்தால் பேட் நடுவில் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள், சக்கரம் இல்லாதபோது லீவர் அமுங்கினால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டீரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றி உள்பக்கம் கட்டிவிட்டால் இடிபட்டு வளையாது.

பந்தயத்தில் உங்கள் கூடவே ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, சின்ன மல்டி டூல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்சக்கரம் பஞ்சராகி, உதவி இடத்துக்கு வந்து சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இழந்து, அப்புறமும் தங்கம் வென்றார். அவருக்குச் சக்கரம் மாற்ற ஆள் இருந்தது. நமக்கு நாமேதான். ஐந்து நிமிடத்துக்குள் ட்யூப் மாற்றுகிற அளவுக்குக் கை பழகும் வரை வீட்டு வாசலில் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு சைக்கிளைப் பிரித்துச் சர்வீஸ் முடித்துவிடுங்கள். கடைசி நாளில் புதுக் கேபிள் போட்டால் அது நீண்டு கியர் தடுமாறும், சரிசெய்ய நேரம் இருக்காது.